ஒரு நோய்க்கு மூன்று மருந்தா?



சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்தால் திரிகடுகம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் ஆகிய மூன்றும் சேர்ந்தால் திரிபலை. இவற்றைப் பாட்டி இடித்துச் சலித்துத் தந்தபோது, ‘மூன்று மருந்தை உண்கிறோமே’ என்று நம்முள் எவரும் அஞ்சியதில்லை. ஒரே மருந்தென்றே கொண்டோம். ஆனால் மருத்துவர் ஒரு தாளில் மூன்று மாத்திரைகளின் பெயரை எழுதிவிட்டால் மனம் கலங்கிவிடுகிறது. ‘நோய் முற்றிவிட்டதோ? உடம்பு தாங்குமோ? இது மருந்துக் கடைக்காரருக்காக எழுதிய சீட்டோ?’ என்றெல்லாம் ஐயம் எழுகிறது.

இந்த ஐயம் ஒரு குடும்பத்தில் என்ன செய்தது என்பதையும், அதற்கு மருத்துவ நூல் தரும் விடை யாது என்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன். அக்குடும்பம் என்னுடையது. பிழையும் என்னுடையதே.

என் தாய்மாமன் நாகர்கோவிலை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்தவர். நான் மருத்துவம் பயில இந்நகருக்கு வந்தபோது, ஞாயிறுதோறும் எனக்குச் சோறிட்டவர் அவரே. ஒரு நாள் தலை கனக்கிறது என்று மருத்துவரிடம் சென்றார். இரத்த அழுத்தம் 210/120 என்று கண்டார்கள். முதலில் இரண்டு மாத்திரைகளும், சில வாரங்களுக்குப் பின் மூன்றாவது ஒன்றும் எழுதினார்கள்: டெல்மிசார்ட்டான், ஆம்லோடிபைன், குளோர்தாலிடோன். மூன்று மாதத்தில் அழுத்தம் 136/84 ஆயிற்று.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவன். மாமா என்னிடம் கேட்டார்: “மருமகனே, ஒரு நோய்க்கு மூணு மருந்தா? ஒண்ணு தின்னா கால் வீங்குது. ஒண்ணு தின்னா கடையிலே உட்கார முடியாம அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கு. மூணும் வேணுமா?”

நான் மருந்தியல் பாடத்தின் முதற் சில பக்கங்களை மட்டும் படித்திருந்தேன். அறியாதவன் வாயை மூடிக்கொள்வான். முற்றும் அறிந்தவன் ஆய்ந்து கூறுவான். அரைகுறையாகப் படித்தவனே உடனே விடை கூறுகிறான். “அழுத்தம்தான் இறங்கிவிட்டதே மாமா! இனி ஒன்று போதுமென்றுதான் தோன்றுகிறது” என்றேன். அவர் மகிழ்ந்தார். கால் வீங்கச் செய்த ஆம்லோடிபைனையும், சிறுநீரைப் பெருக்கிய குளோர்தாலிடோனையும் நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் சென்றது. ஒரு விடியற்காலையில் வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. வாய் கோணியது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது.

மாமா பிழைத்தார். பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் நாற்பது ஆண்டுகள் பேரேட்டில் முத்து முத்தாகக் கணக்கெழுதிய வலக்கை இன்று பேனாவைப் பற்றுவதில்லை. அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடையை இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

இந்நகரில் பல வீடுகளில் கிணறும் மோட்டாரும் உண்டு. மோட்டாரைப் போட்டு ரப்பர்க் குழாயால் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் உட்சுவர்மீது நீர் மோதும் வேகம் எவற்றைப் பொறுத்தது? மோட்டார் எவ்வளவு விசையாக இறைக்கிறது என்பது ஒன்று. குழாய்க்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது ஒன்று. குழாயின் வாய் அகன்றிருக்கிறதா, விரலால் அழுத்திக் குறுகியிருக்கிறதா என்பது ஒன்று.

நம் உடலில் இதயமே மோட்டார். இரத்தத்தின் நீரளவை நிறுத்திப் பார்ப்பது சிறுநீரகம். அது உப்பைத் தேக்கினால் நீரும் உடன் தேங்கும். நுண்ணிய இரத்தக்குழாய்களே குழாயின் வாய். அவற்றின் சுவரிலுள்ள தசை இறுகினால் வழி குறுகும். இம்மூன்றையும் நரம்புகளும், சிறுநீரகத்தில் தோன்றும் ரெனின் என்னும் பொருளும் ஆட்டுவிக்கின்றன. ரெனினின் செயலால் ஆஞ்சியோடென்சின் என்பது உண்டாகிறது. அது குழாயை இறுக்கும், உப்பையும் தேக்கும்.

பொதுவாக, மருத்துவமனையில் அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் பலமுறை இருந்தால் அதனை இரத்தக் கொதிப்பு என்பர். 180/110 என்னும் எல்லையை எட்டினால் அது கடுமையான கொதிப்பு. அந்நிலையில் பெரும்பாலும் ஒரு காரணம் மட்டும் தனித்து நிற்பதில்லை. நீரும் மிகுந்திருக்கும், குழாயும் இறுகியிருக்கும், ரெனினும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

உடலின் பிடிவாதம்

ஒரே மருந்தை மிகுதியாகக் கொடுத்தால் என்ன? இங்கேதான் உடலின் இயல்பை நாம் அறிய வேண்டும். உடல், தான் பழகிய அழுத்தத்தை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிவிட்டால், அதனையே தன் உரிமையாகக் காத்துக்கொள்ள முயலும்.

குளோர்தாலிடோன் போன்ற சிறுநீர்ப் பெருக்கியைக் கொடுத்தால் உப்பும் நீரும் வெளியேறும், அழுத்தம் இறங்கும். உடனே சிறுநீரகம் ‘நீர் குறைந்துவிட்டது’ என்று எண்ணி ரெனினைப் பெருக்கும், குழாய் இறுகும், இறங்கிய அழுத்தத்தில் ஒரு பகுதி மீளும். ஆம்லோடிபைன் குழாயின் தசையைத் தளர்த்தி வழியை அகலமாக்கும்; அப்போதும் நரம்பும் ரெனினும் விழித்துக்கொள்ளும். ஒரு வாயிலை அடைத்தால் உடல் மற்றொரு வாயிலைத் திறக்கிறது.

டெல்மிசார்ட்டான் ஆஞ்சியோடென்சினின் செயலைத் தடுப்பது. எனலாப்ரில், ராமிப்ரில், பெரிண்டோப்ரில் முதலியன ஆஞ்சியோடென்சின் உண்டாவதையே குறைப்பன. சிறுநீர்ப் பெருக்கியோடு இவ்வகையில் ஒன்றைச் சேர்த்தால், உடல் திறக்க முயலும் வாயில் முன்பே அடைபட்டிருக்கும். ஆதலின் இரண்டாம் மருந்து தன் பங்கைச் செய்வதோடு, முதல் மருந்தின் வேலை வீணாகாமலும் காக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. சிறுநீர்ப் பெருக்கி உடலிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும். டெல்மிசார்ட்டான் வகை அதனைச் சிறிது கூட்டும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்யும். ஆம்லோடிபைனால் சிலருக்குக் கால் வீங்கும்; டெல்மிசார்ட்டான் வகை சேர்ந்தால் அவ்வீக்கம் குறைவதுண்டு. என் மாமாவின் கால் வீக்கத்துக்கு ஆம்லோடிபைனின் அளவைக் குறைப்பது முதலிய வழிகள் இருந்தன. சிறுநீர்ப் பெருக்கியின் தொல்லைக்கும் அளவையோ உண்ணும் நேரத்தையோ மாற்றிப் பார்த்திருக்கலாம். இவற்றையெல்லாம் எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கும்படி நான் சொல்லவில்லை.

நம் நாட்டு வேரின் பங்கு

மருந்துகளைச் சேர்த்துக் கடுமையான கொதிப்பை அடக்கலாம் என்பது எப்படித் தெரிந்தது? அவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

நல்ல மருந்துகள் தோன்றுமுன் இருந்த நிலைக்கு ஒரு சான்று கூறுவேன். அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் இரத்த அழுத்தம் 186/108 இருந்தது. உலகப் போரை நடத்திய அத்தலைவருக்கு அன்றைய மருத்துவர்களால் தர முடிந்தவை ஓய்வும், உப்புக் குறைந்த உணவும், இதயத்துக்கும் உறக்கத்துக்கும் உரிய சில பழைய மருந்துகளும்தாம். 1945 ஏப்ரல் 12ஆம் நாள் தலையைப் பற்றிக்கொண்டு சாய்ந்தார். அப்போது மேல் எண் 300 வரை ஏறியிருந்தது. அன்றே உயிர் பிரிந்தது. வயது 63. பேரரசின் செல்வம் முழுவதும் சேர்ந்தும், இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மாத்திரையை அவருக்கு வாங்கித் தர இயலவில்லை. அது அன்று இவ்வுலகில் இல்லை.

இந்தியாவில் சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை நெடுங்காலமாகப் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் கொடுத்து வந்தனர். அது இரத்த அழுத்தத்தையும் தாழ்த்துவதை நம் நாட்டு மருத்துவர்கள் கண்டனர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், தம் நோயாளிகளிடம் கண்ட பயனை 1949இல் பிரிட்டனின் இதயநோய் ஏடொன்றில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து அறிஞர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில், குழாயை விரிக்கும் ஹைட்ரலசின் வழக்கில் வந்தது. 1950களின் பிற்பகுதியில், வாய்வழி உண்ணத்தக்க நல்ல சிறுநீர்ப் பெருக்கிகளும் வந்தன.

இம்மூன்று வகையையும் ஒன்று சேர்த்து ஆராய்ந்தவர் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஃபிரீஸ். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்த அச்சோதனையின் முடிவு 1967இல் வெளிவந்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். 73 பேருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரெசர்பின், ஹைட்ரலசின் மூன்றும் கொடுக்கப்பட்டன. 70 பேருக்கு மருந்தைப் போலத் தோன்றும் வெறும் மாத்திரைகள். வெறும் மாத்திரை உண்டவர்களில் 27 பேருக்குப் பெருங்கேடு நேர்ந்தது, நால்வர் இறந்தனர். மருந்து உண்டவர்களில் அத்தகைய கேடு இருவருக்கே, இறந்தவர் எவருமில்லை.

27 எங்கே, 2 எங்கே! கடுமையான கொதிப்புக்கு மருந்து தருவது பயனுடையதா என்று அதுவரை மருத்துவர்களே வழக்காடிக்கொண்டிருந்தனர். அவ்வழக்கு அத்தோடு தீர்ந்தது. தீர்த்து வைத்தது ஒரு தனி மருந்தன்று; மூவர் கூட்டணி. அம்மூவருள் ஒருவர் நம் நாட்டுச் செடியின் வழிவந்தவர் என்பதை நாம் மறக்கலாகாது. ரெசர்பின் சிலருக்கு மூக்கடைப்பும் மந்தமும் மனச்சோர்வும் தருவதால் இன்று முதல் வரிசையில் இல்லை. ஆயினும் அது காட்டிய வழி நிலைத்துவிட்டது.

அரை அளவின் கணக்கு

கணிதம் பயிலும் நண்பர்கள் இப்பகுதியைச் சற்று உன்னிப்பாகப் படிக்க வேண்டும்.

லண்டன் அறிஞர் சிலர் 354 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து 2003இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். ஒரு மருந்தை வழக்கமான அளவில் தந்தால் மேல் எண் சராசரியாக 9 அளவு இறங்குகிறது. அதையே பாதி அளவில் தந்தால் 7 இறங்குகிறது. மருந்தைப் பாதியாக்கினாலும் பயன் பாதியாகவில்லை. ஐந்தில் நான்கு பங்கு நிற்கிறது. ஆனால் தொல்லைகளோ பல மருந்துகளில் அளவு குறையக் குறைய வெகுவாகக் குறைகின்றன. அவ்வாறாயின், வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மூன்று மருந்துகளைப் பாதிப் பாதி அளவில் சேர்த்தால்? மேல் எண் ஏறத்தாழ 20 இறங்கும் என்று அவர்கள் கணித்தனர். தொடக்கத்தில் அழுத்தம் மிகுந்திருந்தால் இறக்கமும் மிகும்.

2009இல் வந்த மற்றொரு தொகுப்பு 42 சோதனைகளை ஆராய்ந்தது. ஒரு மருந்தின் அளவை இருமடங்காக்குவதைவிட, வேறு வகை மருந்தொன்றைச் சேர்ப்பது ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாக அழுத்தத்தைத் தாழ்த்தும் என்று அது காட்டியது.

இக்கணக்கை ஈழத் திருநாடு இருக்கும் தீவிலேயே நடைமுறையில் சோதித்தனர். இலங்கையின் மருத்துவமனைகளில் நடந்த ‘டிரையம்ஃப்’ என்னும் அச்சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. கொதிப்புடைய 700 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்கு டெல்மிசார்ட்டான் 20 மில்லிகிராம், ஆம்லோடிபைன் 2.5 மில்லிகிராம், குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையாகத் தரப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம். ஆறு மாதத்தில், ஒரே மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 70 பேர் குறித்த இலக்கை அடைந்தனர். மற்றப் பிரிவில் 55 பேர். மருந்தின் தொல்லையால் விலகியவர் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை. அவர்கள் எல்லாரும் கடுமையான கொதிப்புடையவர் அல்லர். பலருக்கு நடுத்தர அளவே. ஆயினும் தத்துவம் ஒன்றே. என் மாமாவின் சீட்டிலிருந்த மூன்று பெயர்களும் அம்மாத்திரையின் மூன்று பெயர்களும் ஒன்றாக இருப்பதைக் கண்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தியாவிலும் 32 மருத்துவமனைகளில் 1,981 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. முடிவு 2024இல் அறிவிக்கப்பட்டது. ஆம்லோடிபைனும் பெரிண்டோப்ரிலும், ஆம்லோடிபைனும் இண்டபமைடும், பெரிண்டோப்ரிலும் இண்டபமைடும் என மூவகை இணைகளை ஒப்பிட்டனர். மூன்று இணைகளும் ஏறத்தாழ ஒத்த பயனே தந்தன. எந்த இணை என்பதைவிட, தக்க இணை ஒன்றைத் தொடங்கி விடாமல் உண்பதே பெரிது என்பது இதன் பாடம்.

உலகச் சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் 2019இல் இத்தகைய இரட்டை மாத்திரைகளைச் சேர்த்தது. 2021இல் வெளியிட்ட நெறிமுறையில், தொடக்கத்திலேயே இணை மருந்து தருவதையும், இயன்றால் அதனை ஒரே மாத்திரையாகத் தருவதையும் பரிந்துரைத்தது. உண்ண வேண்டிய மாத்திரைகளின் எண்ணிக்கை குறைந்தால் மறதியும் குறையும் அன்றோ?

சேரத் தகாதவை

மருந்துகள் சேர்ந்தால் நன்று என்றவுடன், கிடைத்ததையெல்லாம் சேர்க்கலாம் என்று கொள்ளற்க. தேனும் நெய்யும் சம அளவில் சேர்க்கலாகாது என்று பாட்டி சொன்னது போல, இங்கும் விலக்குகள் உண்டு.

முதலாவது, ஒரே வாயிலை இருமுறை அடைப்பது. டெல்மிசார்ட்டானையும் ராமிப்ரிலையும் சேர்த்துத் தந்து 25,000 பேருக்கு மேல் கொண்டு நடத்திய பெருஞ்சோதனையின் முடிவு 2008இல் வந்தது. இரண்டும் சேர்ந்ததால் கூடுதல் நன்மை இல்லை. மயக்கமும் சிறுநீரகக் கேடும் பொட்டாசிய மிகுதியுமே கூடின. இவ்விரு வகையும் இன்று ஒன்றாகத் தரப்படுவதில்லை.

இரண்டாவது, இதயத் துடிப்பைத் தணிக்கும் அட்டெனலால் போன்றவற்றோடு வெரபமில் என்னும் மருந்தைச் சேர்ப்பது. துடிப்பு அளவுக்கு மீறித் தளர்ந்துவிடலாம்.

மூன்றாவது, நாமே அறியாமல் சேர்ப்பது. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். சிறுநீர்ப் பெருக்கியும் டெல்மிசார்ட்டான் வகையும் உண்பவர் இவற்றையும் சேர்த்து உண்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதுபடக்கூடும். நம் வீட்டுப் பெரியவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் உண்பது பெரும்பாலும் இவற்றையே.

நான்காவது, கருவுற்ற பெண்டிர்க்கு டெல்மிசார்ட்டான் வகையும் எனலாப்ரில் வகையும் தரலாகாது. சிசுவுக்குக் கேடு செய்யும்.

மூன்று மருந்தும் முழு அளவில் உண்டும் அழுத்தம் இறங்காவிட்டால்? மருத்துவர் முதலில் கேட்பது, ‘தவறாமல் உண்கிறீர்களா?’ என்பதே. பின்பு அளவையைச் சரிபார்ப்பர். வலி மாத்திரை, குறட்டையோடு மூச்சடைக்கும் உறக்கம், சிறுநீரகக் குழாய்ச் சுருக்கம் முதலியவற்றைத் தேடுவர். அதன் பின்னரே நான்காம் மருந்து. அவ்விடத்துக்கு ஸ்பைரனோலாக்டோன் சிறந்தது என்று பிரிட்டனில் நடந்த ஒரு சோதனை 2015இல் காட்டியது. அதனை உண்பவருக்குப் பொட்டாசியத்தை அளந்து பார்ப்பது கட்டாயம்.

எவ்வளவு விரைவாக இறக்குவது?

அழுத்தம் 200 என்று கேட்டவுடன், ‘இப்போதே இறக்குங்கள்’ என்று பதறுவது இயல்பு. ஆனால் இங்கே இருவகை நிலைகளைப் பிரித்தறிய வேண்டும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், வலிப்பு, குழப்பம் இவற்றுள் ஒன்று உடனிருந்தால் அது அவசர நிலை. ஒரு கணமும் தாழ்க்காது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கும், பெரும்பாலான நோயாளிகளுக்கு, முதல் மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் இறக்குவதில்லை. உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளை, திடீரென இறங்கினால் இரத்தம் போதாமல் வாடும்.

அத்தகைய அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் உயர்ந்திருந்தால், மாத்திரைகளைத் தொடங்கி, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நிதானமாக இறக்குவதே நெறி. முற்காலத்தில் நிஃபெடிபின் குழாய் மாத்திரையைக் கிள்ளி நாவின் அடியில் விட்டு விரைவாக இறக்கினர். அதனால் பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்ததைக் காட்டி, அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு 1996இலேயே அறிஞர்கள் எச்சரித்தனர்.

நம் கடமை

நண்பர்களே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்த நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. அதன்படி நம் நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 35 பேருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. நம் விடுதி அறை ஒன்றில் மூவர் தங்கியிருந்தால், அம்மூவரின் இல்லங்களிலும் சேர்த்து ஒருவருக்கேனும் கொதிப்பு இருக்க வாய்ப்பு மிகுதி.

நல்வாய்ப்பாக மருந்தும் அருகில் உண்டு. 2018இல் ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் கேரளம் ஒன்று. இங்கே முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. எந்த அளவில் எந்த மாத்திரை, இறங்காவிட்டால் அடுத்து எது என்று படிப்படியாக எழுதி வைத்துக்கொண்டு, ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே மருந்து தருவது அதன் முறை. எல்லைக்கு அப்பால் நம் ஊர்களில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டு தருகிறது. கிடைப்பதை விடாமல் உண்ணச் செய்வதுதான் எஞ்சியிருக்கும் வேலை.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என நான்கு உறுப்புகளை உடையது என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்தார். நாம் எல்லாரும் மருத்துவர் ஆகப்போவதில்லை. ஆனால் நான்காம் உறுப்பாக ஒவ்வொருவரும் இருக்க முடியும். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் இவற்றைச் செய்யுங்கள். பெரியவரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, கையை மேசைமீது தாங்கவைத்து, அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். எந்த மாத்திரை எதற்கு என்று அவருக்குப் புரியும் மொழியில் கூறுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றின் உப்பைக் குறைக்க அன்போடு சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம். தொல்லை ஏதேனும் இருந்தால் மருந்தை நிறுத்தாமல், எழுதியவரிடமே அழைத்துச் செல்லுங்கள். எண் நன்றாக இருக்கிறது என்றால் அது மருந்தின் பயன். மருந்தை விடுவதற்கான அனுமதி அன்று. இதை அறியாமல்தான் நான் தவறினேன்.

சென்ற மாதம் சாலைக் கடைக்குச் சென்றேன். மாமா பழைய கேள்வியையே கேட்டார். “இப்பவாவது சொல்லு மருமகனே, ஏன் மூணு?”

“மாமா, உங்கள் கடைக்கு எத்தனை கதவு?”

“முன்னாலே ஒண்ணு, பின்னாலே ஒண்ணு, கிட்டங்கிப் பக்கம் ஒண்ணு.”

“இராத்திரி முன்கதவுக்கு மட்டும் மூன்று பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவீர்களா?”

மாமா சிரித்தார். சிரிப்பு இன்றும் ஒரு பக்கமாகத்தான் வருகிறது. “கதவுக்கு ஒண்ணு போதும். ஆனா மூணு கதவையும் பூட்டணும். இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!” என்றார்.

என்னால் விடை கூற முடியவில்லை. அவர் மேசையைத் திறந்து ஒரு சிறு நோட்டை எடுத்தார். இப்போது மூன்று மருந்தும் ஒரே மாத்திரையாகக் கிடைக்கிறது அவருக்கு. உண்ட நாளுக்கெல்லாம் ஒரு கோடு. இடக்கையால் இழுத்த கோடுகள். கோணல் மாணலாக இருந்தன. ஆனால் ஒரு நாளும் விடுபடவில்லை.